அம்மாயியின் பிறந்த வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவைப் பெற்ற அம்மாயி சென்ற ஆண்டு காலமானார். 1973இல் இலங்கையின் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. அம்மாயியின் அக்காவுக்குக் கணவர் வீட்டார் வழியாக இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால், அவர் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலேயே இருந்துவிட்டார். இன்றும் இருக்கிறார்; தொண்ணூறை நெருங்குகிறார். அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு அம்மாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கண்டியில் கொடுத்த இந்திய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை, இலங்கையில் அம்மாவின் காதுகுத்துக்கு எழுதிய மொய் நோட்டு, யாரென்று தெரியாத ஆட்கள் நிற்கும் இரண்டு புகைப்படங்கள். தாத்தாவின் பங்காளி வழியை என் மாமா ஒருவர் ஐந்து தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறார். அதில் அம்மாயிக்குப் பெயர்கூட இல்லை. தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘மனைவி’ என்று மட்டும் இருக்கிறது. அவர் எந்த ஊர்ச் சனம், தாய் தகப்பன் யார் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ, “பட்டதெல்லாம் போதும், அதைக் கிளறாதே” என்கிறார். நான் கிளறலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ம., கோத்தகிரி

*

அன்புள்ள ம.,

பெட்டியில் இருப்பவற்றில் எல்லோருடைய கையும் முதலில் பாஸ்போர்ட்டுக்குத்தான் போகும். நான் மொய் நோட்டை எடுக்கச் சொல்வேன்.

காதுகுத்து தாய்மாமன் மடியில் நடக்கிற காரியம். ஆகையால் அந்த நோட்டில் பிள்ளையார் சுழியும் ‘லாபம்’ என்ற வரியும் முடிந்ததும் வருகிற முதல் பெயர் பெரும்பாலும் தாய்மாமனுடையதாக இருக்கும். அவர் உங்கள் அம்மாயியின் கூடப்பிறந்தவர். கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லையென்றால், அந்த முறையில் வந்து உட்கார்ந்த சித்தப்பா மகனாகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். யாராக இருந்தாலும் அவர் அம்மாயியின் பிறந்த வீட்டு ஆள். கூடப்பிறந்தவர்தான் என்று உறுதியானால் அவருடைய தலைப்பெழுத்து அம்மாயியின் தகப்பன் பெயரின் முதல் எழுத்து. பெயருக்கு எதிரே தொகையோடு தோடு, சேலை, அரிசி மூட்டை என்று சீர் வகையும் எழுதப்பட்டிருக்கலாம். முதல் பக்கம் மஞ்சள் பட்டு மங்கியிருந்தால் துடைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நோட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பென்சிலில் எழுதிய எழுத்துகூட எழும்பி வரும்.

அடுத்த பக்கங்களில் ஆட்களின் பெயரோடு தோட்டத்தின் பெயரும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பதும் வரும். மொய் செய்தவர்களில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும், சொந்தபந்தங்களிலிருந்தும்தான் ஆள் கூட்டிச் சென்றார்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் அம்மாயியின் ஊருக்கு அருகில் வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இலங்கை மலையகத்தில் பல தோட்டங்களுக்கு அலுவலகப் பதிவேட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறு பெயரும் உண்டு. பாஸ்போர்ட்டில் முன்னது இருக்கும், மொய் நோட்டில் பின்னது இருக்கும். இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்று எண்ணிக் குழம்பிவிடாதீர்கள்.

உங்கள் மாமா ஐந்து தலைமுறை எழுதியது பெரிய வேலை. அதைக் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அந்த வரிசைக்குள் நின்று தேடினால் அம்மாயி கிடைக்கவே மாட்டார். நம் ஊரில் பட்டா, பத்திரம், வாரிசுச் சான்று, கோயில் வரி எல்லாம் ஆண் வழியில் ஓடுகின்றன. பெண்ணுக்குத் திருமணத்தோடு குலதெய்வமே மாறிவிடுகிறது. இரண்டு தலைமுறை கழிந்தால் அவளுடைய தாய் தகப்பன் பெயர் யாருக்கும் தேவைப்படுவதில்லை, தேவைப்படாதது மறந்துபோகிறது. ஒரு குடும்பத்தில் பாதிப் பேரின் வேர் இப்படித்தான் அறுபடுகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம். பாட்டியைத் தேடுகிறவர்கள் அவளுடைய பிறந்த வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும்.

இதில் நெஞ்சை அறுக்கிற ஒரு வேற்றுமை இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன சுமார் 1,52,000 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள மச்சமோ தழும்போ எல்லாம் அதில் பதியப்பட்டன. பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. மனிதர்களைச் சரக்குபோல எண்ணிய கணக்குதான் அது. ஆனாலும் இன்றைக்கு டர்பனில் ஒரு பேத்தி தன் பாட்டியின் பாட்டியை அந்த வரியில் தொட்டுவிடுகிறாள். இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி முறையில், கடன் கணக்கில் போனவர்கள். கடல் அகலமும் குறைவு. அப்படித் தேடிப் பார்க்கத்தக்க கப்பல் பட்டியல் அவர்களுக்கு இல்லை. ஆகவே உங்களைப் போன்றவர்களுக்குக் காகிதம் பாதிதான் கைகொடுக்கும். மீதி, உயிரோடு இருக்கும் கிழவிகளின் நினைவில் இருக்கிறது.

அந்தப் பாதிக் காகிதத்தையும் விட்டுவிட வேண்டாம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. மறுஆண்டு வந்த சட்டத்தின்படி குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் என்றால் ஏழு ஆண்டும் மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் இருந்தோம், மனைவி யார், பிள்ளைகள் யார் என்று மனிதர்கள் ஆதாரம் தேடி அலைந்தார்கள். அம்மாயியின் தகப்பனார் விண்ணப்பித்திருந்தால், அது நிராகரிக்கப்பட்டிருந்தாலும், அது தொடர்பான கடிதமோ ரசீதோ அட்டன் வீட்டில் ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு உரிமையை மறுத்த காகிதம், உங்களுக்கு அவர்களுடைய பெயர்களைத் தரும்.

பிறகு பிறப்புப் பதிவு. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867லேயே சட்டமாகிவிட்டது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் விவரம் தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவாளருக்குப் போனது. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், தோராயமான ஆண்டு தெரிந்தால் அந்தப் பகுதிப் பதிவகத்தில் நகல் கேட்கலாம். பெயரை ஒரே எழுத்தில் தேடி ஓய்ந்துவிடாதீர்கள். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, லச்சுமி எல்லாம் ஒரே பெண்ணாக இருக்கலாம். எழுதியவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். பாஸ்போர்ட்டில் உள்ள வயதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இவையெல்லாம் ஆறு மாதம் பொறுக்கும். உங்கள் பெரிய அம்மாயி பொறுக்க மாட்டார். தொண்ணூறை நெருங்குகிறவர் என்று எழுதிவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்கிறீர்கள்! இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அட்டனுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

பேசும்போது “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் “என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டோம்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) எத்தனை மணிக்கு எழுந்து போவீர்கள்? முதன்முதலில் பேர் விழுந்தது (ஒரு நாள் கூலி பதிவானது) எந்த வயதில்? அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்ட கணக்கப்பிள்ளை யார்? கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) எந்தப் பாதையில் இறங்குவீர்கள், பக்கத்தில் யார் நிரை (செடி வரிசை) பிடித்தார்கள்? தங்கையைப் பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட்டது யார்? இப்படிக் கேட்டால் ஒரு வேலைக்குப் பின்னால் பத்துப் பெயர்கள் வரும். அந்தப் பத்தில் இரண்டு உங்கள் கொள்ளுப்பாட்டியின் உறவாக இருக்கும். இதற்காகவே கேட்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு பெண் இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து இறங்கிய பாதையும் குடும்ப வரலாறுதான். ஐந்து தலைமுறை வரிசையில் அதற்கு இடம் இல்லாமல் போனது அநியாயம்.

ஆண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். அது 1942 ஏப்ரல். பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டது 1959. தனுஷ்கோடி அழிந்த புயல் 1964 டிசம்பர். தோட்டங்களில் பட்டினி கிடந்த பஞ்சம் 1974ஐ ஒட்டி. இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் ஆண்டின் பெயரைச் சொன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷப் பஞ்சத்தில் முன்னோர் கடல் தாண்டினார்கள் என்றால் அது 1876-77. அவரே தாது வருஷம் பிறந்தவர் என்றால் அது 1936-37.

இரண்டு கேள்விகளை மட்டும் தவறாமல் கேட்டுவிடுங்கள். ஒன்று, உங்கள் பிறந்த வீட்டுக் குலதெய்வம் எது? கணவர் வீட்டுச் சாமியைச் சொல்லித்தான் தொடங்குவார்; விடாமல் தகப்பன் வீட்டுச் சாமியைக் கேளுங்கள். அவருடைய தகப்பன் வீட்டுச் சாமிதான் உங்கள் அம்மாயிக்கும் பிறந்த வீட்டுச் சாமி. மற்றது, உங்கள் அம்மாவுக்குப் பாடிய ஒப்பாரி நினைவிருக்கிறதா? ஒப்பாரியில் பிறந்த வீடு வரும், அண்ணன் தம்பி வருவார்கள், ஊரும் ஆறும் வரும். என் அப்பாயியின் ஊர்க் கண்மாய்ப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அவர் பாடிய ஒப்பாரியில் இருந்தது. பாடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். சுபகாரியம் நடக்கிற வீட்டில் கேட்கவும் கேட்காதீர்கள்.

சாமியின் பெயரும், மாவட்டமோ தாலுகாவோ ஏதாவது ஒன்றும் கிடைத்துவிட்டால் பாதை திறந்துவிடும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் போயிருக்கிறார்கள். குலதெய்வக் கோயிலில் பூசாரியிடமும் தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருப்பவரிடமும் விசாரியுங்கள். “சிலோனுக்குப் போய்த் திரும்பாதவர்கள்” என்று ஒரு கிளையை அந்த ஊர் நினைவு வைத்திருக்கக்கூடும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, நிலம் கேட்டு வரவில்லை என்பது. கடல் தாண்டிப் போனவர்களின் வாரிசு வாசலில் வந்து நின்றால், பங்கு கேட்க வந்திருப்பதாகவே வீட்டுக்காரர்கள் முதலில் நினைப்பார்கள். உங்களை எந்தத் தெருவுக்கு வழிகாட்டினாலும் தலை நிமிர்ந்து போங்கள். சாதியின் பெயரால் நிலமும் தண்ணீரும் மறுக்கப்பட்டவர்கள்தான் தோட்டங்களுக்குப் பெருமளவில் போனார்கள். அதை மறைத்து, ராஜ வம்சத்தில் கொண்டுபோய் முடிக்கிற குடும்ப வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையாகக் கடல் தாண்டிய ஒருத்தியின் துணிச்சலை அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. ‘கிளறாதே’ என்று அவர் சொல்வதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், நாடற்றிருந்த மலையகத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தில் அக்காளும் மறுபக்கத்தில் தங்கையும் விழுந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பெரியம்மாவை விட்டுவிட்டுத் தலைமன்னார் கோச்சியில் (ரயிலில்) ஏறியது. வந்து இறங்கிய இடத்தில் ‘சிலோன்காரப் பிள்ளை’ என்ற பேச்சையும் கேட்டிருக்கும். அவரிடம் துருவிக் கேட்க வேண்டாம். பெரிய அம்மாயி பேசியதைப் பதிவு செய்து, வீட்டில் அவர் காதில் விழும்படி ஓடவிடுங்கள். “அது அப்படி இல்லை” என்று ஒருநாள் அவரே திருத்துவார். அப்போது எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாந்தாரம், விட்டுவந்த பிள்ளை, ஓடிப்போன கல்யாணம் என்று ஏதாவது வெளிவந்தால், சம்பந்தப்பட்டவர்கள் இருக்கும்வரை அது வீட்டு நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

புகைப்படங்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு பிரதியை அட்டனில் கொடுங்கள். அங்கிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மொய் நோட்டு சொந்தம்.

முடிந்தால் நேரிலேயே போய்வாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. கேட்டால் வரமாட்டேன் என்பார். டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்.