அப்பாவுக்கு ஃப்ளூ நிமோனியா, எஸ்ஜிபிடி 142: கீழாநெல்லி கொடுக்கலாமா?

வணக்கம் தம்பி. அப்பாவை கடலூர் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில சேர்த்து அஞ்சு நாள் ஆச்சு, எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 142, பிலிருபின் (காமாலையைக் காட்டுற டெஸ்ட்) 0.9னு எழுதியிருக்கீங்க. பிலிருபின் 0.9ன்னா இது மஞ்சள் காமாலை இல்லை. கீழாநெல்லி இப்ப வேண்டவே வேண்டாம். நாளைக்கு எண் ஏறினா நோயாலயா, மருந்தாலயா, மூலிகையாலயான்னு டாக்டருக்கே பிடிபடாது.

நுரையீரல் நோய்ல ஈரல் ஏன் பாதிக்குதுன்னு கேட்டீங்க. உடம்பு முழுக்கப் பரவுற அழற்சி, ரத்தத்துல ஆக்சிஜன் குறையறது, அப்புறம் மருந்துகள். பாராசிட்டமாலும் சில ஆன்டிபயாட்டிக்கும் ஈரலைத் தொடும். ட்ரிப்ஸ்ல பாராசிட்டமால் ஏறும்போதே, ராத்திரி காய்ச்சலுக்குன்னு தலையணைக்கடியில இருந்து நீங்க எடுத்துக் கொடுக்கிற 650 மாத்திரையும் அதே மருந்துதான். அதை இன்னிக்கே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. குடிப்பழக்கம் இருந்தா அதையும் மறைக்காதீங்க.

2021ல கொரோனா வந்து புதுச்சேரியில படுத்திருந்த எங்கம்மாவுக்கு எஸ்ஜிபிடி 190 வரை போச்சு. ரிப்போர்ட் தாளைப் பிடிச்ச கை நடுங்கிச்சு. மூணு வாரத்துல தானா 44க்கு இறங்கிடுச்சு.

ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்கிறது), ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்குற வைரஸ்) ரெண்டு டெஸ்ட்டும் பார்த்தாச்சான்னு கேளுங்க. ஐஎன்ஆர் ஏறினாலோ, கண் மஞ்சளானாலோ, அப்பா குழப்பமா பேசினாலோ காத்திருக்காதீங்க. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாத்தணுமான்னு உடனே டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுங்க, பார்க்கிறேன்.