ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை, ஆனாலும் மனைவி மோந்து பார்க்கிறாள்

கேள்வி:

எனக்கு வயது 41. பதினாறு வருடக் குடி. மறுவாழ்வு மையத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் நிம்மதி இல்லை. வேலை முடியும் நேரம் வந்தாலே மனசு பரபரக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஏதோ பேசுவதுபோல் பக்கத்தில் வந்து என் வாயை மோந்து பார்க்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நான் சொன்ன பொய்கள் அத்தனை. இருந்தாலும் அவமானமாக இருக்கிறது.

நண்பர்கள் எல்லாருமே குடிக்கிற கூட்டம். அவர்களை விட்டதும் பேச ஆளில்லை. மையத்தில் சொன்னார்களே என்று, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு இரண்டு முறை போனேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து நின்றுவிட்டேன். இரவில் தூக்கம் வருவதில்லை. வந்தால் குடிப்பதுபோல் கனவு. போன வாரம் திடுக்கிட்டு எழுந்து, நானே என் வாயில் கையை வைத்து ஊதி மோந்து பார்த்தேன். கூட வேலை செய்பவர் ஒரு தூக்க மாத்திரையின் பெயரைச் சொன்னார். வாங்கலாமா?

பெயர் வேண்டாம்

பதில்:

முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். தூக்கத்துக்குத் தரும் மாத்திரைகளில் பல, குறிப்பாக பென்சோடயசெபைன் வகை, மூளையில் மது கை வைக்கும் அதே இடத்தில்தான் கை வைக்கின்றன. அவையும் பழக்கமாகிவிடும். உங்கள் குடி வரலாறு தெரிந்த மருத்துவரிடம் போய், தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். ஏற்ற வழியை அவர் பார்ப்பார். மையத்தில் தொடரச் சொல்லிய மாத்திரை ஏதும் இருந்தால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கனவைக் கண்டு பயப்படாதீர்கள். கனவு வரும் உறக்க நிலையை மது பல வருடம் அமுக்கி வைத்திருந்தது. அது இப்போது திரும்பி வருகிறது. குடியை விட்டவர்களுக்குக் குடிக்கிற கனவு மிகச் சாதாரணம். தூக்கம் சீராகச் சில மாதங்கள் பிடிக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். (உங்கள் வாயை நீங்களே மோந்து பார்த்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சங்கடமாகவும் இருந்தது. அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் உங்களைச் சோதிக்கிறார்கள்.)

உண்மையான சிக்கல் அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் குடியை நிறுத்தி வைக்கும் வேலை முழுவதும் உங்கள் மனைவி தலையில் விழுந்திருக்கிறது. நண்பர்கள் இல்லை, குழு இல்லை, மருத்துவரிடமும் போகவில்லை. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். மனைவியாகவும் காவலாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. காவலை வேறு ஆட்களிடம் மாற்றுங்கள்.

ஒன்று சொல்கிறேன். ஏ.ஏ. இயக்கம் தொடங்கிய கதையும் ஐந்தாவது மாதத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1935 மே மாதம், பங்குச்சந்தைக்காரரான பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாதமான நிலையில், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வியாபார வேலையாக வந்து, அது கைவிட்டுப் போய் ஒரு ஓட்டல் முகப்பில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், ஒரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அறிவுரை கேட்க இல்லை, தன்னைப்போல் இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்று. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் சேர்ந்துதான் அந்த இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ன என்கிறீர்கள். பார்க்கட்டுமே, அவரும் அந்த அறைக்குள்தானே உட்கார்ந்திருப்பார். அந்தக் குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். இணையத்தில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. ஏ.ஏ. கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராவிட்டால் ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை உட்காருங்கள். எங்கே போனாலும் இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடியும் நேரத்துப் பரபரப்புக்கு அந்த எண்கள்தான் மருந்து. குடிக்கும் ஆசை அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். ஏறும்போதே பேசுங்கள், உச்சத்துக்குப் போனபிறகு யாருக்கும் போன் செய்யத் தோன்றாது. பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கும் அந்த அலையைக் கூட்டும் என்று மீண்டு வந்தவர்கள் சொல்வார்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் நான்குமே இருக்கும்போல. கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடுங்கள். பழைய கூட்டம் இருக்கும் வழியை விட்டு வேறு வழியில் நடந்து வீடு போங்கள்.

அப்புறம், ஒருவேளை சறுக்கினால், "எல்லாம் போச்சு" என்று முழுதாக விழ வேண்டியதில்லை. அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பழைய அளவை இப்போது உடம்பு தாங்காது, அதுவும் நினைவிருக்கட்டும்.

மனைவியிடம் சண்டையில்லாத ஒரு நேரத்தில், "நீ மோந்து பார்ப்பது எனக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும்" என்று ஆரம்பியுங்கள். எந்தக் கூட்டத்துக்குப் போகிறீர்கள், யாரிடம் பேசுகிறீர்கள் என்று அவர் கேட்காமலே சொல்லுங்கள். நம்பிக்கை ஐந்து மாதத்தில் திரும்பாது, அவரை அவசரப்படுத்தாதீர்கள். பில்லின் மனைவி லோயிஸும் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். உங்கள் மனைவிக்கும் பேச ஓர் இடம் வேண்டும். எனக்கு எழுதத் தோன்றினால் தனியாக எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் காட்ட வேண்டாம்.