ஆவிலா: மூட்டுவலிக்காரரை விட்டுவிட வேண்டியதில்லை

நண்பர்களில் ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவர் சைவம், டிசம்பரில் மாட்ரிட்டிலிருந்து ஒரே நாளில், மதில் சூழ்ந்த ஸ்பெயின் நகரமான ஆவிலாவுக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மாட்ரிட்டின் சாமார்த்தின் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

பழைய ஊரைச் சுற்றியுள்ள மதில் சுமார் 2.5 கிலோமீட்டர் சுற்றளவு. மேலே ஏறி நடக்கலாம், ஆனால் படிகள் செங்குத்து, நடைபாதையும் அடிக்கடி ஏறி இறங்கும். மூட்டுவலிக்காரரை அதில் இழுக்காதீர்கள். மற்றவர்கள் மேலே போகும்போது அவர் கதீட்ரலைப் பார்க்கட்டும். அதன் பின்பக்கம் மதிலோடு சேர்த்தே கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கோயிலா கோட்டையா என்றே புரியாது. உள்ளே சிவப்புத் திட்டுகள் படர்ந்த வெளிர்கல்லை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோருமாக டாக்சியில் ஆற்றுக்கு அப்பாலுள்ள குவாத்ரோ போஸ்தெஸ் மேட்டுக்குப் போங்கள். மதில் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான். என்னைக் கேட்டால், மேலே நடப்பதைவிட அதுவே மேல்.

சாப்பாடுதான் சிக்கல். ஊரின் பெருமை மாட்டிறைச்சி. பீன்ஸ், உருளைக்கிழங்கு மசியல் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். இவ்வூரில் பிறந்த பதினாறாம் நூற்றாண்டுத் துறவி புனித தெரசாவின் பெயரில் விற்கும் மஞ்சள் உருண்டை இனிப்பும் முட்டைக்கருவில் செய்வது.

ஊர் 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் மாட்ரிட்டைவிடக் குளிரும். கனமான கோட்டு வேண்டும். திரும்பும் ரயிலை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.