பூட் கிழிந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் மாருதி ஆல்டோ இருக்கிறது. இடது முன்சக்கரத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் அடித்திருக்கிறது. ஆக்சில் பூட் கிழிந்துவிட்டதாம். ஆக்சில் செட்டையே மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டியில் சத்தம் எதுவும் இல்லை. ஓரளவு ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. பூட்டை மட்டும் வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். ஆக்சில் என்பது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு (ஷாஃப்ட்). சக்கரம் திரும்பினாலும் குலுங்கினாலும் சுழற்சி தடைபடாமல் இருக்க அதன் இரு முனையிலும் உள்ள மூட்டுதான் சிவி ஜாயின்ட். பூட் என்பது அந்த ஜாயின்ட்டுக்குள் கிரீஸை வைத்திருக்கும் ரப்பர் உறை, அவ்வளவுதான். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் தேய அதற்குப் பிறகு நாளாகும். அதற்குள் முந்திக்கொண்டால் சில நூறு ரூபாய் பூட் கிட்டோடு வேலை முடிந்துவிடும். தள்ளிப் போட மட்டும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் பலரிடம் பணம் பிடுங்குகிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, முதல் கியரில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடியுங்கள். அப்புறம் மறுபக்கம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'டக் டக் டக்' என்று கேட்டால் சக்கரத்துப் பக்கமுள்ள வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. புது பூட் போட்டுப் பயனில்லை. அப்போதும் பெரும்பாலும் வெளி ஜாயின்ட்டை மட்டும் தனியாக வாங்கலாம், முழு ஆக்சில் தேவையில்லை. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வரும் 'கட கட' சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் போன்றவற்றின் வேலை. அந்தச் சத்தத்தைக் காட்டி ஆக்சிலை விற்றால் வாங்காதீர்கள்.

'ரீகண்டிஷன் ஆக்சில்' என்று கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுப்பதையும் வாங்காதீர்கள். பழைய வண்டியில் கழற்றிய ஷாஃப்டுக்குப் புது பூட் மாட்டினால் வெளியே புதிதாகத்தான் தெரியும். உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனி ஷாஃப்ட். சத்தம் போடாத அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இதை வாங்குவது நஷ்டம். பழைய ஷாஃப்ட் எங்கே போகிறது என்றும் கேளுங்கள்.

ஷாஃப்டைக் கழற்றாமலே சுற்றிவைத்து ஒட்டும், நடுவில் பிளந்த ரெடிமேட் பூட்டும் வேண்டாம். கிரீஸ் பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

இனி வேலை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். பிறகு ஸ்டாண்ட் வைத்து நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். கியர் ஆயிலை வடித்துவிட்டு, லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டை விடுவித்து ஷாஃப்டை உருவுங்கள். ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைக் கீறிவிடக் கூடாது.

வெளி ஜாயின்ட்டைச் சுத்தியால் தட்டிக் கழற்றுவது கடைப் பழக்கம். உங்களுக்கு அது வேண்டாம். கியர்பாக்ஸ் பக்கமுள்ள உள் ஜாயின்ட்டைத் திறந்து, சர்கிளிப்பை (பூட்டு வளையம்) எடுத்து, மூன்று உருளை உள்ள பாகத்தை அடையாளம் போட்டு உருவினால் கிழிந்த வெளி பூட் அந்த வழியாகவே வந்துவிடும். உள் பூட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிட்டில் வரும் கிரீஸை மட்டும் போடுங்கள். வீல் பேரிங் கிரீஸ் இங்கே ஆகாது. கிளாம்பை மறக்காமல் பூட்டோடு முதலிலேயே ஷாஃப்டில் கோர்த்துவிடுங்கள். பெரிய கிளாம்பை இறுக்கும் முன் பூட்டின் உதட்டைத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். ஆக்சில் நட் புதிதாகவே இருக்கட்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துத்தான் இறுக்க வேண்டும். கடைசியாக கியர் ஆயிலை அளவுப்படி ஊற்றுங்கள்.

எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். அந்தக் கையேட்டை வண்டி வாங்கியவர் கையில் யார் கொடுத்தார்கள்? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, வாங்கிய பொருளை நாமே பழுதுபார்க்கவோ விரும்பிய இடத்தில் சரிசெய்யவோ உள்ள 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் வாங்கத் தெரிந்த அரசுக்கு, அந்தக் காரின் கையேட்டை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த என்ன தடை? பூட் என்று கேட்டால் கணினியைப் பார்த்து 'அசெம்பிளிதான் சார் வரும்' என்று முழு ஆக்சிலையே காட்டும் சர்வீஸ் சென்டர்களை அப்போதுதான் கேள்வி கேட்க முடியும்.

அலைன்மென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால் ஜாயின்ட்டை மட்டும் கழற்றி அதே இடத்தில் மாட்டினால் அலைன்மென்ட் மாறாது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் நீளத்தையோ, ஸ்ட்ரட் எனப்படும் முன் ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டுகளையோ தொட்டிருந்தால் மட்டும் செய்துகொள்ளுங்கள்.