எந்த அம்பு ஜெயிக்கும்?

அன்புள்ள சார்,

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்வது என் கடைசி வருட ப்ராஜெக்ட். நிலைகளைப் பெட்டிகளாகவும் நிலைமாற்றங்களை அம்புகளாகவும் காட்டும் நிலைவரைபடம் வரைந்து, அதிலிருந்தே ப்ரோக்ராமை எடுக்கிறோம். கைடு, “நீ வரையும் மொழிக்கு முறையான பொருள் வரையறை என்ன என்று எழுது” என்கிறார். அதாவது, ஒவ்வொரு பெட்டியும் அம்பும் என்ன செய்யும் என்பதற்குச் சந்தேகமில்லாத விதி வேண்டுமாம். படத்தைப் பார்த்தாலே புரிகிறதே, இதற்கு எதற்குக் கணிதம்?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குப் புரிந்ததுதான் கருவிக்கும் புரிந்ததா? கைடு கேட்பது அதைத்தான்.

உங்கள் ஸ்டார்ட்டரையே எடுப்போம். ‘ஆட்டோ’ என்று ஒரு பெரிய பெட்டி. உள்ளே ‘ஓட்டம்’, ‘காத்திருப்பு’ என இரண்டு சின்னப் பெட்டிகள். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனால் ஓட்டத்திலிருந்து காத்திருப்புக்கு ஓர் அம்பு; கரண்ட் சரியானதும் மோட்டார் தானே கிளம்பும். அதே பேஸ் போனால் பெரிய பெட்டியிலிருந்து ‘பூட்டு’ நிலைக்கு இன்னோர் அம்பு. ஆள் போய் பட்டனை அமுக்கும்வரை மோட்டார் ஓடாது. இப்போது ஓடுகிற மோட்டாருக்கு ஒரு பேஸ் போகிறது. எந்த அம்பு?

இப்படிப்பட்ட படங்களை வரைந்து ஓட்டிப் பார்க்கும் ஸ்டேட்மேட் கருவியில் வெளி அம்பு ஜெயிக்கும், மோட்டார் பூட்டிக்கொள்ளும். மென்பொருள் வடிவமைப்புப் படங்களுக்கான பொது மொழியான யூஎம்எல்லின் விதிப்படி உள் அம்பு ஜெயிக்கும், கொஞ்ச நேரத்தில் மோட்டார் திரும்ப ஓடும். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. பூட்டிவிட்டது என்று நம்பி மோட்டார் கொட்டகையில் ஒயரைத் தொடுகிறவருக்கு இது சின்ன வித்தியாசமா?

இந்த வரைபட முறையை டேவிட் ஹேரல் 1987இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு போர் விமானத்தின் மின்னணுப் பகுதியை விவரிக்கப் போய்ப் பிறந்தது அது. 1994இல் ஃபான் டெர் பேக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த முறையில் ஏறக்குறைய 20 வகைகள் உருவாகியிருந்தன. ஸ்டேட்ஃப்ளோ என்ற இன்னொரு வரைபடக் கருவியில் இன்னொரு கூத்து. நீங்கள் வரிசை எண் கொடுக்காத முறையில், ஒரே தரத்து அம்புகள் மோதினால், கடிகாரத்தின் 12 மணி முனையிலிருந்து வலமாகச் சுற்றிவந்து முதலில் அகப்படுகிற அம்பை எடுத்துக்கொள்ளும். படம் அழகாக இருக்கட்டும் என்று அம்பை நகர்த்தினால் மோட்டாரின் புத்தி மாறும்!

நேரத்திலும் இதே வம்புதான். எங்கள் வீட்டில் ராத்திரி முறைத் தண்ணீர் பெரியப்பாவுக்கு. ராத்திரி என்பது விளக்கு வைத்ததுமா, ஊர் அடங்கியதுமா? வருஷா வருஷம் மடையில் மண்வெட்டியோடு நின்றார்கள். ஒரு பெட்டி அனுப்பும் சமிக்ஞை பக்கத்துப் பெட்டிக்கு எப்போது தெரியும் என்பதும் அப்படித்தான். ஸ்டேட்மேட்டில் அடுத்த படியில் தெரியும். பிரான்சில் பிறந்த எஸ்டெரெல் என்ற ப்ரோக்ராம் மொழியில் அதே கணத்தில் தெரியும். வினை புரிய நேரமே ஆகாது என்பது அதன் அனுமானம். அதனால் “இந்தச் சமிக்ஞை வரவில்லையென்றால் இதையே அனுப்பு” என்று எழுதினால், அனுப்பிய கணத்திலேயே அது வந்ததாகிவிடும்; இந்த முரணைக் கம்பைலர் ஏற்காது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பெரிய சூத்திரம் வேண்டாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அடுத்த நிலை எது என்று அட்டவணை போடுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு விடை வந்தால், அங்கே யாருக்கு முதலுரிமை என்று எழுதுங்கள். சிமுலேஷனில் சரியாக ஓடியது என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது அந்த ஒரு கருவியின் விடை.

எந்தக் கருவியில் வரைகிறீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லையே?