குழந்தையே இல்லாத வீட்டுக்கு ஸ்கூல் டேக்ஸ் எதுக்கு? டெக்சஸ்ல வீடு வாங்கின தம்பியோட கேள்வி

கேள்வி: அண்ணா வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஒரு புது கம்யூனிட்டில 2024 செப்டம்பர்ல 5 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். மாசம் 3,300 கட்டிட்டிருந்தோம், இப்ப திடீர்னு 4,630 கட்டுங்கன்னு மார்ட்கேஜ் கம்பெனில இருந்து லெட்டர். டேக்ஸ் பில்லை எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கே போகுது. எங்களுக்கு இன்னும் குழந்தையே இல்ல. வீட்டை வித்துட்டு வாடகைக்கே போயிடலாமான்னு மனைவி கேக்குறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, முதல்ல பதட்டப்படாதீங்க, இந்த 1,330 டாலர் ஏத்தத்துக்கு ஸ்கூல் காரணம் இல்ல. டெக்சஸ்ல ஜனவரி 1ஆம் தேதி இடம் எப்படி இருந்துச்சோ அதுக்குத்தான் அந்த வருஷ டேக்ஸ். 2024 ஜனவரில உங்க வீடு கட்டவே ஆரம்பிக்கல, வெறும் மனைதான், நீங்க அனுப்பின பில்லுல அதுக்கு 1,20,000 மதிப்பு, மொத்த ரேட் 100 டாலருக்கு 2.10, அதனால 2,520தான் வந்துச்சு. 2025ல முழு வீட்டுக்கும் சேத்து 10,500. எஸ்க்ரோல, அதாவது டேக்ஸ் கட்டறதுக்குன்னு மார்ட்கேஜ் கம்பெனி உங்ககிட்ட வாங்கிச் சேத்து வைக்கிற கணக்குல, மாசம் 210தான் எடுத்துட்டிருந்தாங்க, ஆனா பில் வந்ததும் மார்ட்கேஜ் கம்பெனி முழுசா கட்டிடுச்சு, இப்ப அந்த 7,980 பற்றாக்குறையை 12 மாசத்துல பிரிச்சு 665, இனிமே வரப்போற டேக்ஸுக்குன்னு இன்னொரு 665, ரெண்டையும் சேத்துத்தான் 1,330. முதல் 665 ஒரு வருஷத்துல போயிடும். புது வீடு விக்கிறவங்க இதை வாயத் தொறந்து சொல்றதே இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அடுத்தது முக்கியமானது. உங்க பில்லுல ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்னு ஒரு வரியே காணோம், நீங்க அப்ளை பண்ணவே இல்லன்னு நினைக்கிறேன். சொந்த வீட்ல குடியிருக்கறவங்களுக்கு ஸ்கூல் டேக்ஸ் கணக்குல மட்டும் வீட்டு மதிப்புல 1,40,000 கழிச்சுடுவாங்க. 2023ல ஒரு லட்சமா ஆக்கினாங்க, 2025 நவம்பர்ல ஓட்டு போட்டு 1,40,000 ஆச்சு, 2025 டேக்ஸுக்கே அது செல்லும். உங்க ஸ்கூல் ரேட் 1.20, அப்போ 1,680 டாலர் மிச்சம். நீங்க திட்டுற அந்த ஸ்கூல் வரியிலதான் இவ்வளவு பெரிய சலுகையே இருக்கு! லேட் ஆயிடுச்சேன்னு விட்டுடாதீங்க, டேக்ஸ் கெடு தாண்டி ரெண்டு வருஷம் வரைக்கும் அப்ளை பண்ணலாம், 2025க்கும் சேத்தே கேளுங்க. ஃபார்ம் 50-114, வீட்டு மதிப்பைப் போடுற கவுண்ட்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல குடுக்கணும், டிரைவர் லைசென்ஸ்ல இந்த வீட்டு அட்ரஸ் இருக்கணும், ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. நாங்க பண்ணித் தர்றோம்னு காசு கேட்டு வர்ற லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. இன்னொண்ணு, இது கிடைச்ச அடுத்த வருஷத்துல இருந்து வரி போடுற மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறாது.

இதைப் படிச்சதும் சிலர் 65 வயசானா தனி சலுகை இருக்கே, அப்பா அம்மா பேரை டைட்டில்ல சேத்துடலாமான்னு கேப்பாங்க. டேக்ஸுக்காக மட்டும் அதைச் செய்யாதீங்க, லோன், வாரிசுன்னு வேற சிக்கல் நிறைய வரும்.

சரி, குழந்தை இல்லாம ஏன் கட்டணும்? இந்த வரி வீட்டு மேல போடுறது, பிள்ளை மேல இல்ல. வாடகைக்குப் போனாலும் ஹவுஸ் ஓனர் இதை வாடகைல சேத்துத்தான் வாங்குவார். நீங்க அந்த ஏரியாவை எடுத்ததே ஸ்கூல் ரேட்டிங் பாத்துத்தானே, நாளைக்கு உங்ககிட்ட வாங்கறவங்களும் அதைத்தான் பாப்பாங்க. அப்புறம் வீட்டு மதிப்பு ஏறினா ஸ்கூல்ல காசு கொட்டுதுன்னு நினைக்காதீங்க. லோக்கல்ல வசூல் கூடினா ஸ்டேட் தன் பங்கைக் குறைச்சுக்கும், வசதியான டிஸ்ட்ரிக்ட்னா மிச்சத்தை ஸ்டேட்டே எடுத்துக்கும், 1993ல இருந்து நடக்குது, ராபின் ஹூட்னு சொல்வாங்க, டாலஸ் பக்கத்துல இருக்கற பிளேனோவும் கட்டுது, ஆஸ்டின் அதிகமா கட்டுது. ஒரு மாணவனுக்கான அடிப்படைத் தொகை 2019ல இருந்து 6,160 டாலராவே கிடந்து 2025லதான் வெறும் 55 டாலர் ஏறுச்சு. டீச்சருங்க பாவம், அவங்க மேல கோபப்பட்டு பிரயோஜனமே இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: எக்ஸெம்ப்ஷன் கிடைச்சதும் மார்ட்கேஜ் கம்பெனிக்கு போன் போட்டு எஸ்க்ரோ கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்க, 1,680 ரீஃபண்ட் உங்க கைக்கு வந்தாலும் எஸ்க்ரோலயே கட்டிடுங்க. மதிப்பும் ரேட்டும் இப்படியே இருந்தா மாசம் 4,350 கிட்ட வரும், ஒரு வருஷம் கழிச்சு 3,825. ஏப்ரல்ல அப்ரைசல் நோட்டீஸ் வரும், மதிப்பு அதிகமா தெரிஞ்சா மே 15க்குள்ள புரொட்டெஸ்ட் பண்ணுங்க, அதாவது அந்த மதிப்பை ஏத்துக்கலன்னு எழுதிக் குடுங்க, பக்கத்துல அதே மாதிரி வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு ரெண்டு மூணு எடுத்து வைங்க. 2025 இன்கம் டேக்ஸ்ல கணவன் மனைவி சேந்து ஃபைல் பண்ணா பொதுவா கிடைக்கிற கழிவு 31,500, லோன் வட்டியும் இந்த வரியும் சேந்து அதைத் தாண்டுதான்னு உங்க டேக்ஸ் கணக்குப் பாக்குற சிபிஏகிட்ட கேளுங்க. விக்கிறதா வேண்டாமான்னு இப்ப முடிவு எடுக்க வேணாம், எஸ்க்ரோ புது லெட்டர் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்க, 3,825 உங்க சம்பளத்துக்குத் தாங்குமான்னு அப்ப உக்காந்து கணக்குப் போடுவோம்.