மதில்மேல் முட்டையா, பீரங்கியா?

கேள்வி: சென்ற மாதச் சிறுவர் இதழில் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆங்கிலப் பாட்டைப் போட்டு, கோட்டும் தொப்பியும் மாட்டிய ஒரு முட்டையை மதில்மேல் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாட்டில் முட்டை என்ற சொல் எங்கே ஐயா இருக்கிறது? ஹம்ப்டி டம்ப்டி என்பது இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மதிலிலிருந்து விழுந்து நொறுங்கிய பீரங்கி. வரலாறு தெரியாமல் குழந்தைகளுக்குப் படம் வரையலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி மார்க் தருகிறேன். முட்டை என்ற சொல் பாட்டில் கிடையாதுதான். ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பீரங்கியை இழுத்து வந்திருக்க மாட்டீர்கள். மதில்மேல் உட்கார்ந்த ஹம்ப்டி டம்ப்டி கீழே விழுகிறான், ராஜாவின் குதிரைகளும் ஆட்களும் வந்தும் அவனைத் திரும்பச் சேர்க்க முடியவில்லை என்கிற அந்தப் பாட்டு ஒரு விடுகதை. 'சின்ன மச்சான் குனிய வச்சான்' என்று கேட்கிறோமே, அதில் முள் எங்கே இருக்கிறது?

1785-இல் வந்த ஓர் ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியில் 'ஹம்ப்டி டம்ப்டி' என்றால் குட்டையான, தடுமாறி நடக்கிற ஆள். (பிராந்தி சேர்த்துக் காய்ச்சிய ஒரு பானத்துக்கும் அதே பெயர்.) கேட்கிற பிள்ளை ஒரு குண்டு மனிதர் விழுந்ததாக நினைத்துக்கொள்ளும். மனிதர் விழுந்தால் கைகாலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாரே, இவரை மட்டும் ஏன் ஒருவராலும் சேர்க்க முடியவில்லை? அங்கேதான் முடிச்சு. ஜெர்மன் பேசும் ஊர்களில் இதே ஆசாமி வேறு பெயரில் பெஞ்சிலிருந்து விழுவார், எந்த வைத்தியராலும் குணமாகாது. டென்மார்க்கில் அலமாரிப் பலகையிலிருந்து உருளுவார். எல்லா ஊரிலும் விடை முட்டைதான். அங்கெல்லாம் எந்தப் பீரங்கியைத் தேடப் போகிறீர்கள்?

உங்கள் பீரங்கி அந்த உள்நாட்டுப் போரில், 1648-இல் கோல்செஸ்டர் நகர முற்றுகையின்போது விழுந்ததாகச் சொல்லப்படுவது. முற்றுகை நடந்தது நிஜம். பாட்டோ, கிடைத்திருக்கிற வரையில், 1797-இல் சாமுவேல் ஆர்னால்டு என்ற இசையமைப்பாளரின் சிறுவர் பாட்டுத் தொகுப்பில்தான் முதன்முதலில் அச்சேறுகிறது. நடுவில் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம். இன்னொன்று கேளுங்கள். அந்தப் பழைய வடிவத்தில் ராஜாவும் இல்லை, குதிரையும் இல்லை, சேனையும் இல்லை. 'எண்பது பேர், இன்னும் எண்பது பேர்' வந்தும் அவனைப் பழையபடி ஆக்க முடியவில்லை என்றுதான் முடிகிறது. ராஜாவின் ஆட்களை நம்பித்தானே பீரங்கிக் கதையே நிற்கிறது? அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

எங்கள் பக்கமும் ஒரு குற்றம் உண்டு, ஆனால் நீங்கள் பிடித்தது அதை அல்ல. விடுகதையை அச்சிட்டு, பக்கத்திலேயே விடையைக் கலரில் வரைந்து வைத்தோம். வெங்காய விடுகதைக்குப் பக்கத்தில் உரித்த வெங்காயத்தை வைப்பார்களா? ஓவியர் போதாக்குறைக்கு, விழுவதற்கு முன்பே ஓட்டில் ஒரு விரிசலையும் கீறிவிட்டார். புரூஃப் என் மேஜைக்கு வந்தபோது பித்தளைப் பொத்தான் பளபளப்பதைப் பாராட்டி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இதில் எங்களுக்கு மூத்த கூட்டாளிகள் உண்டு. ஆலிஸ் என்ற சிறுமியை வைத்து ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் எழுதிய இரண்டாவது கதையில் ஹம்ப்டி டம்ப்டியும் வருகிறான்; அதற்கு ஓவியர் ஜான் டென்னியல் படம் வரைந்து, 1871 கடைசியில் புத்தகம் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஹம்ப்டி டம்ப்டி முட்டையாகவே நிலைத்துவிட்டான். அந்தக் கதையில் ஆலிஸ் அவன் உடம்பில் சுற்றியிருப்பதைப் பார்த்து அழகான பெல்ட் என்கிறாள், உடனே கழுத்துத் துணி என்று திருத்துகிறாள். முட்டைக்குக் கழுத்து எது, இடுப்பு எது? அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் புரூஃப் பார்க்கிறவரின் ஐந்து வயது மகள், அட்டைகூடப் போடாத பிரதியைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "முட்டைக்கு எதுக்குப்பா பெல்ட்டு?" பாட்டைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க நாங்கள் எதை மிச்சம் வைத்தோம்?

வரும் இதழில் பாட்டை மறுபடி போடுகிறோம். வெறும் மதில், அடியில் கூட்டமாக நின்று தலையைச் சொறியும் ஆட்கள், அவ்வளவுதான் படம். விடை பக்கத்தின் கீழே தலைகீழாக இருக்கும். பீரங்கி வராது.